கோடை வந்தும் கரையாத பனி

2023 மே 13 அன்று அங் மோ கியோவில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியசைத் தொட்டது. 40 ஆண்டுகளுக்கு முன், 1983 ஏப்ரலில், சுவா சூ காங்கை ஒட்டிய தெங்காவில் பதிவான உச்சத்துக்கு அது சமம். சிங்கப்பூரே புழுங்கித் தவித்த அந்த நாள்களில், உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் இந்திய இராணுவ வீரர்கள் மண்வெட்டிகளோடு பனியை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஹேம்குண்ட் சாகிப் குருத்துவாராவுக்கு ஏறும் பாதை அது. மே 20 அன்று வாசல் திறந்தது. ஆனாலும் பனி மிகுதியாக இருந்ததால் யாத்ரீகர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினார்கள். முதியோரும் குழந்தைகளும் அப்போதைக்கு வரவேண்டாம் என்றார்கள். ஜூன் 4 அன்று அட்லாகோட்டி என்ற இடத்தில் பனி சரிந்து யாத்ரீகர் சிலரை இழுத்துச் சென்றது. ஒரு பெண் உயிரிழந்தார்.

ஜூன் மாதத்தில் பனிச்சரிவா என்று சிங்கப்பூரில் கேட்டால் அதில் வியப்பில்லை. நமக்குப் பருவம் என்றால் மழை கூடுவதும் குறைவதும்தான். ஆனால் இந்தக் கேள்வி இப்போது நமக்கும் வேண்டியதாகிவிட்டது. மார்ச் பிறந்தால் போதும், சுவா சூ காங் வீவக புளோக்குகளின் படிக்கட்டுகளில் முதுகுப்பையில் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பிக்கொண்டு ஏறி இறங்குபவர்களைப் பார்க்கலாம். சனி, ஞாயிறுகளில் அவர்கள் புக்கிட் தீமா குன்றில் இருப்பார்கள். 163 மீட்டர் உயரமுள்ள அந்தக் குன்றுதான் இத்தீவின் மிக உயர்ந்த இயற்கை இடம். அடுத்து ஜொகூரின் லேடாங் மலை, 1,276 மீட்டர். அதற்கடுத்து சாபாவின் கினபாலு, 4,095 மீட்டர். கினபாலு ஏறியவருக்கு இமயம் கண்ணில் படாமல் இருக்காது. பிள்ளைகள் உள்ள வீட்டில் புறப்படக்கூடிய காலம் பெரும்பாலும் ஒன்றுதான். மே கடைசியில் தொடங்கி நான்கு வாரம் நீளும் ஜூன் பள்ளி விடுமுறை.

அந்த நான்கு வாரம்தான் இமயத்தின் மேல்பாதைகளில் பனி இன்னும் முடிவெடுக்காத காலம்.

பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம்மவர்கள் விரும்பிப் போகும் இடம். 1982-இல் தேசியப் பூங்காவானது. 2005-இல் நந்தாதேவியோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபிடமானது. பரப்பு 87.5 சதுர கிலோமீட்டர். கோவிந்த்காட்டிலிருந்து புல்னா, அங்கிருந்து கால்நடையாகக் காங்கரியா என்ற சிற்றூர். அங்கே வழி இரண்டாகப் பிரியும். ஒன்று பள்ளத்தாக்குக்கு, மற்றொன்று ஹேம்குண்ட் ஏரிக்கு. காங்கரியா சுமார் 3,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஹேம்குண்ட் 4,300 மீட்டரைத் தாண்டும். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். ஆகவே காங்கரியாவில் சட்டையோடு தேநீர் குடிக்கும் அதே மதியத்தில், ஆறு கிலோமீட்டர் நடை தொலைவிலுள்ள ஏரி உறைந்து கிடக்கலாம்.

கினபாலுவில் ஏறிப் பழகியவர்கள் ஏமாறுவது இங்கேதான். கினபாலுவும் ஹேம்குண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். ஆனால் கினபாலுவில் பனி நிலைத்துக் கிடப்பதில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில், காற்று பூச்சியம் டிகிரிக்குக் குளிரும் உயரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 5 கிலோமீட்டரிலேயே நிற்கும். சுவா சூ காங்கின் தலைக்கு மேலும் அதே கதைதான். நம் மேல் கொட்டும் இடிமழையில் பெரும்பகுதி அந்த உயரத்துக்கு மேலே பனித்துகளாகப் பிறந்து, இறங்கும் வழியில் உருகி வருவதே. 2013 ஜூன் 25 அன்று தீவின் மேற்குப் பகுதியில் ஆலங்கட்டி விழுந்தது. உருகி முடிக்க நேரம் கிடைக்காத பனி அது. 30 டிகிரி வடக்கிலுள்ள இமயத்தில் இந்த உறைநிலைக் கோடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான மீட்டர் கீழே இறங்கி, கோடையில் மெல்ல ஏறும். ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு புயல் வந்தால் மறுபடியும் இறங்கிவிடும். உயரம் ஒன்றாக இருப்பதால் மலையும் ஒன்றுபோல் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

அப்படி வரும் புயலின் பெயர் மேற்கத்திய இடையூறு. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் தாழ்வு மண்டலங்கள் வானின் உயரத்தில் ஓடும் மேலைக் காற்றோட்டத்தில் ஏறி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வந்து இமயத்தில் மோதுகின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை இவை இறக்கும் பனிதான் மேற்கு இமயத்தின் குளிர்காலச் சேமிப்பு. கோடை நெருங்கும்போது அந்தக் காற்றோட்டம் திபெத்துக்கு வடக்கே நகர்ந்துவிடும், புயல்களும் குறையும். பல தலைமுறைகளாக மலைமக்கள் நம்பிய ஒழுங்கு இது.

அந்த ஒழுங்கு தளர்ந்துவருகிறது. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீரன் ஹன்ட் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, 70 ஆண்டுத் தரவுகளைப் பார்த்து, மேற்கத்திய இடையூறுகளின் காலம் நீண்டுகொண்டே போவதைக் காட்டியது. ஜூன் மாதத்தில் அவை வருவது, முந்தைய 50 ஆண்டுகளோடு ஒப்பிட, கடந்த 20 ஆண்டுகளில் இருமடங்காகியிருக்கிறது. காற்றோட்டம் வடக்கே விலகத் தாமதமாவதே காரணம். இதற்கு மறுபக்கமும் உண்டு. காத்மாண்டுவில் இயங்கும் ஈசிமோட் என்ற பன்னாட்டு மலை மேம்பாட்டு மையம் செயற்கைக்கோள் வழியே இந்துகுஷ்-இமயப் பகுதியின் பனியைக் கண்காணிக்கிறது. தரையில் பனி நீடிக்கும் அளவு 2024-25 குளிர்காலத்தில் வழக்கத்தைவிட 23.6 விழுக்காடு குறைவு என்றும், 23 ஆண்டுகளில் அதுவே மிகத் தாழ்ந்தது என்றும் அது சொன்னது. குளிர்காலச் சேமிப்பு மொத்தத்தில் சுருங்குகிறது. அதே நேரம் வரக் கூடாத மாதத்தில் புயல் வருகிறது. உலகம் சூடாகிறது, ஆகவே பாதைகள் சீக்கிரம் திறக்கும் என்று ஒற்றை வரியில் கணக்குப் போடுபவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

சரி, ஏப்ரலிலோ மேயிலோ ஒரு பனிப்பொழிவு வந்துவிட்டால் என்ன? வெயில் அடித்தால் உருகிவிடாதா?

பனி உருகுவது காற்றின் சூட்டால் என்றுதான் நாம் நினைக்கிறோம். மலையில் அது முதன்மையாகச் சூரிய ஒளியின் வேலை. பூச்சியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை அதே பூச்சியம் டிகிரித் தண்ணீராக மாற்ற 334 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைக் கொண்டு அதே ஒரு கிலோ தண்ணீரைப் பூச்சியத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். இவ்வளவும் செலவாகி முடியும் வரை வெப்பமானி ஒரு டிகிரிகூட நகராது. வெளியே காற்று 12 டிகிரி இருந்தாலும் பனியின் மேற்பரப்பு பூச்சியத்தைத் தாண்டாது.

புதுப்பனி பஞ்சைப்போல் இலேசானது. ஆனால் மாதக்கணக்கில் கிடந்து, பகலில் உருகி இரவில் உறைந்து, தன் எடையாலேயே அமுங்கிய பழைய பனி அப்படியல்ல. ஒரு கனமீட்டரில் 400 முதல் 500 கிலோ இருக்கும். பாதையில் ஒரு மீட்டர் தடிமனுக்கு அத்தகைய பனி கிடக்கிறது என்றால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 450 மில்லிமீட்டர் மழைக்குச் சமமான நீர் உறைந்து நிற்கிறது. சிங்கப்பூரின் ஓராண்டு மழை ஏறக்குறைய 2,100 மில்லிமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் காலடியில் கிடக்கிறது. ஒரு சதுர மீட்டரில் கிடக்கும் அந்தப் பனியை உருக்க 150 மெகாஜூல் வேண்டும்; மின்சாரக் கணக்கில் 42 யூனிட்.

மேகமில்லாத ஜூன் நாளொன்றில் அந்த உயரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 25 மெகாஜூலுக்குக் குறையாமல் சூரிய ஆற்றல் வந்து விழும். அப்படியானால் ஆறே நாளில் உருகிவிட வேண்டுமே? விழுவதையெல்லாம் பனி வாங்கிக்கொள்வதில்லை என்பதுதான் செய்தி. தூசு படிந்து பழுப்பேறிய பழைய பனி, விழும் ஒளியில் பாதியை அல்லது பாதிக்குச் சற்று மேல் திருப்பியனுப்பும். புதுப்பனியோ 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பியனுப்பிவிடும். 55 விழுக்காடு திரும்புகிறது என்று வைத்தால், 25-இல் தங்குவது 11 மெகாஜூல். உருக இரண்டு வாரம் பிடிக்கும். 85 விழுக்காடு திரும்பினால் தங்குவது நான்குக்கும் குறைவு. உருக 40 நாள். இரவில் பனி வானத்துக்கு இழக்கும் வெப்பத்தையும் காற்று கொடுக்கும் வெப்பத்தையும் நான் இங்கே சேர்க்கவில்லை. புதுப்பனியும் சில நாள்களில் மங்கிப் பழையதாகிவிடும் என்பதால் உண்மையில் 40 நாள் ஆகாது. ஆனாலும் விகிதத்தைப் பாருங்கள். மே கடைசியில் ஐந்து சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தால், அதன் எடை பொருட்டே அல்ல. கீழே கிடக்கும் ஒரு மீட்டர் பழைய பனிக்கு அது வெயில் படாமல் காவல் நிற்கிறது. அடுத்தடுத்து இரண்டு புயல் வந்தால் காவலும் இரண்டுமுறை புதுப்பிக்கப்படுகிறது. பிந்தி வரும் பனி பாதையை அடைப்பது தன் அளவால் அல்ல, தன் வெண்மையால்.

மழை பெய்தால் கரைந்துவிடும் என்ற எண்ணமும் நமக்குண்டு. மழையிலேயே வாழ்கிறவர்கள் அல்லவா! கணக்கு வேறுமாதிரி. 10 டிகிரி குளிர்ந்த மழை 10 மில்லிமீட்டர் பெய்தால், அது தன் வெப்பத்தால் உருக்கும் பனி ஒரு மில்லிமீட்டர் நீருக்குச் சற்று மேல். அவ்வளவுதான். பனியை வேகமாக உருக்குவது மழையோடு வரும் ஈரக்காற்று. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பனியின் மேல் படிந்து நீராகும்போது, ஒவ்வொரு கிராமும் தன்னைப்போல் ஏழரை மடங்கு பனியை உருக்கும் வெப்பத்தை விட்டுச் செல்கிறது. மேகம் மூடிய இரவில் பனி வானத்துக்கு இழக்கும் வெப்பமும் குறைகிறது. ஜூன் கடைசி வாரத்தை ஒட்டித் தென்மேற்குப் பருவக்காற்று உத்தராகண்டை எட்டியதும் பள்ளத்தாக்கு மளமளவென்று பச்சையாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்குப் பிறகும் பாதையின் குறுக்கே சில இடங்களில் பனி கிடக்கும். ஜூலையிலும் கிடக்கும். இவை விழுந்த இடத்திலேயே கிடக்கும் பனி அல்ல. குளிர்காலப் பனிச்சரிவுகள் மேலிருந்து இழுத்துவந்து ஓடைப் பள்ளங்களில் அடைத்துவிட்டுப் போனவை. பல மீட்டர் தடிமன், கல்லும் மண்ணும் கலந்த இறுக்கம். மெல்லிய தூசு பனியைக் கறுப்பாக்கி உருக்கத்தை விரைவுபடுத்தும். அதே தூசு சில சென்டிமீட்டர் தடித்துவிட்டால் வேலை தலைகீழாகும். ஐஸ் வண்டிக்காரர் பாளத்தின் மேல் மரத்தூளைக் கொட்டி வைப்பாரே, அதே காப்புத்தான்.

உருகும் பனி கிடக்கும் பனியைவிட ஆபத்தானது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓடையின் மேல் பனி பாலம்போல் நிற்கும். அடியில் தண்ணீர் அதைக் குடைந்துகொண்டே போகும். மேலிருந்து பார்ப்பவருக்கு அது உறுதியான வெள்ளைத் தரை. காலையில் உறைந்து கெட்டியாகத் தாங்கிய இடம், பிற்பகலில் ஒரு மனித எடைக்கு உடைந்துவிடும். ஓடைகளில் உருகிய நீர் பெருகுவதும் பிற்பகலில்தான். வழிகாட்டிகள் விடியும்முன் எழுப்பி நடக்கச் சொல்வது இதற்காக. சரிவுகளில் உருகிய நீர் பனியடுக்குகளுக்கு இடையில் இறங்கினால் பிடிப்பு விட்டு, அடுக்கு மொத்தமாக வழுக்கி இறங்கும். இது ஈரப் பனிச்சரிவு. நடுக்குளிர்காலத்தைவிட வெயில் ஏறும் மாதங்களில்தான் இது மிகுதி.

புயலே நேரில் வந்துவிடுவதும் உண்டு. 2024 ஜூன் 3 அன்று, உத்தரகாசி பகுதியில் சகஸ்ர தால் ஏரிக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்த கர்நாடக மலையேற்றக் குழு ஒன்று, 4,000 மீட்டருக்கு மேலே பனிப்புயலில் சிக்கியது. பெங்களூரிலிருந்து போனவர்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். அதே வாரம் வட இந்தியச் சமவெளி அனலில் வெந்துகொண்டிருந்தது. நம் ஊர்க்காரர்களைப்போலவே அவர்களும் விடுமுறை எடுத்து, உடலைப் பழக்கி, ஆசையோடு போனவர்கள். ஜூன் என்ற சொல்லை நம்பிப் போனவர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது.

பூக்களின் பள்ளத்தாக்கின் வாயிலை வனத்துறை ஆண்டுதோறும் ஜூன் 1 அன்று திறக்கிறது. அக்டோபர் 31 அன்று மூடுகிறது. திறப்பது என்றால் நுழைவுச்சீட்டு கொடுக்கத் தொடங்குவது என்றுதான் பொருள். பாதை பனியில்லாமல் இருக்கும் என்றோ பூ இருக்கும் என்றோ பொருளில்லை. ஹேம்குண்டின் திறப்பு நாளோ ஆண்டுக்காண்டு மாறும். பனி மிகுந்த 2019-இல் ஜூன் 1 வரை தள்ளிப்போனது. 2022-இல் மே 22. 2024-இலும் 2025-இலும் மே 25.

பூக்களுக்கு நாள் குறிப்பதும் பனிதான். பனிப்போர்வைக்கு அடியில் மண் ஏறக்குறைய பூச்சியம் டிகிரியிலேயே இருக்கும். வெளியே இரவில் எவ்வளவு குளிர்ந்தாலும் வேர் கருகாது. போர்வை விலகிய சில நாள்களில் முளை தலைகாட்டும். ஆகவே பனி பிந்தினால் பூவும் பிந்தும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை பூக்கோலம் உச்சத்தில் இருக்கும். இந்தப் பள்ளத்தாக்கை உலகுக்கு எழுதிக் காட்டிய பிராங்க் ஸ்மைத், 1931 ஜூன் 21 அன்று காமெட் சிகரத்தின் முதல் ஏற்றத்தை முடித்துவிட்டு, திரும்பும் வழியில்தான் தோழர்களோடு இங்கே இறங்கினார். அதனால்தான் அவர் கண்ணில் பட்டது பூ. மூன்று வாரம் முந்தியிருந்தால் அவர் எழுதுவதற்குப் பெரும்பாலும் பனிதான் இருந்திருக்கும்.

அமெரிக்காவில் இந்தத் தாமதம் பழகிப்போன ஒன்று. கலிபோர்னியாவின் யோசமிட்டி தேசியப் பூங்காவில் மலையைக் கடக்கும் தயோகா சாலை, 2023-இன் பெரும்பனிக்குப் பிறகு ஜூலை 22 அன்றுதான் திறந்தது. பதிவேடுகளில் அதுவே மிகப் பிந்திய திறப்பு. ஆனால் அங்கே யாரும் திகைக்கவில்லை, ஏனென்றால் அளந்து வைத்திருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜேம்ஸ் சர்ச் என்ற பேராசிரியர் நெவாடாவின் ரோஸ் மலையில் நீண்ட குழாய் ஒன்றைப் பனியில் செருகி, உள்ளே சிக்கிய பனியை எடைபோட்டு, மலையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று கணக்கிடும் முறையைத் தொடங்கினார். இத்தனைக்கும் அவர் கற்பித்தது இலத்தீன். இன்று அந்த மலைகளில் தானியங்கிக் கருவிகள் பனியின் எடையை நாள்தோறும் அனுப்புகின்றன. ஒரு பாதை எந்த வாரம் நடக்கத்தக்கதாகும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடிகிறது. இமயத்தின் நடைபாதைகளுக்கும் அப்படி ஒரு சேவை வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் ஆயிரக்கணக்கானோர் ஏறும் மலைக்கு அது ஆடம்பரம் அல்ல.

அது வரும் வரை நம்மால் முடிந்ததைச் செய்யலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை அந்த மலைகளைப் படமெடுக்கின்றன. பத்து மீட்டர் அளவுக்குத் தெளிவு, பார்க்கக் கட்டணமில்லை. மேகமில்லாத ஒரு நாள் வாய்த்தால், சுவா சூ காங் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே பனிக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது, இரண்டு வாரத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிடலாம். டேராடூன் வானிலை மையத்தின் அறிவிப்பில் மேற்கத்திய இடையூறு என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சண்டிகரிலுள்ள பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. அதில் சமோலியின் பெயர் வந்தால் விமானச்சீட்டின் விலையை மறந்துவிடுங்கள்.

ஜூன் விடுமுறையில் மட்டுமே போக முடியும் என்பவர்கள் காங்கரியாவையே இலக்காக வைத்துத் திட்டமிடுங்கள். மேலே வழி கிடைத்தால் ஏறுங்கள், கிடைக்காவிட்டால் அங்கே இரண்டு நாள் கூடுதலாகத் தங்கி ஆற்றையும் காட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிள்ளைகளின் பள்ளி நாள்களுக்குக் கட்டுப்படாதவர்கள் ஜூலை மூன்றாம் வாரத்துக்கு விடுப்புக் கேளுங்கள். பருவமழையில் கோவிந்த்காட் சாலையில் மண்சரிவு உண்டு என்பதால் கையில் இரண்டு நாள் உபரி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதமானாலும், பாதை மூடியிருக்கிறது என்று வனக்காவலர் சொன்னால் அவரோடு வாதாட வேண்டாம்.